சனிக்கிழமை வந்த கேபினெட்

வாசலுக்கு வந்த கேபினெட் வீட்டுக்குள் நுழையப் பதினேழு மணி நேரம் ஆனது. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு படி.

அன்றைக்குச் சனிக்கிழமை. சுரக்குடியில் நின்று கூப்பிட்டால் திருநள்ளாற்றில் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு பக்கம். சனீஸ்வரனுக்கு இத்தனை அருகில் குடியிருந்துகொண்டு சனிக்கிழமை இரும்பை வீட்டுக்குள் விடுகிற ஆள் இல்லை திருஞானசம்பந்தம். மின்துறையில் ஒயர்மேன். புயலுக்கு மறுநாள் எந்தக் கம்பத்திலும் ஏறுவார். சனிக்கிழமையில் ஓர் ஆணி வாங்க மாட்டார். கோயிலுக்கு வந்த வண்டிகளின் நெரிசலில் மாட்டிக்கொண்ட கூரியர் வண்டி பகல் ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. இறக்கி வைத்த அட்டைப்பெட்டி கன்றுக்குட்டி உயரம் இருந்தது.

“என்ன பாப்பா இது?”

“கம்ப்யூட்டர் கேபினெட்ப்பா. மத்த சாமானையெல்லாம் இதுக்குள்ளதான் வெச்சு மாட்டணும்.”

“எதுல செஞ்சது?”

தாமரைச்செல்வி தயங்கினாள். இயற்பியல் படித்தவள், காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர் வேலை பார்க்கிறவள். உலோகத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“ஒரு பக்கம் கண்ணாடி. மத்ததெல்லாம் ஸ்டீல்.”

பக்கத்து வீட்டு நெடுமாறன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அம்மா ராஜத்துக்குத் தம்பி முறை. “ஸ்டீலு வேற, இரும்பு வேற இல்லியா செல்வி?”

“ஸ்டீலும் இரும்புதான் மாமா,” என்றாள் மெதுவாக.

“அப்ப கண்ணாடிய மட்டும் கழட்டி உள்ள எடுத்துக்கோ,” என்று அடுப்பங்கரையிலிருந்து ராஜம் குரல் கொடுத்தாள். “இரும்பு நாளைக்கு வரட்டும்.”

பெட்டி வாசலிலேயே நின்றது. நின்றது மட்டும் அல்ல, தெருவுக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அட்டையின் மேல் அச்சடித்திருந்த படம் அப்படி. கறுப்பாக நிமிர்ந்து நிற்கும் ஒரு கூடு, கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சம், முன்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காற்றாடிகள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சைக்கிளை நிறுத்தினார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த காசியம்மா குனிந்து பார்த்தாள்.

“மீன் தொட்டியாடி?”

“இல்லக்கா, கம்ப்யூட்டர்.”

“கம்ப்யூட்டருக்கு எதுக்குடி இவ்வளவு சிங்காரம்? கலியாணமா பண்ணி வைக்கப் போற?”

அதற்கடுத்த கேள்வியை எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். எதுக்கு இது? ஆபீஸ் வேலைக்கா, படிக்கவா, வெளிநாட்டுக் கம்பெனிக்கா? தாமரைச்செல்வி எல்லாவற்றுக்கும் “ம்” என்றாள்.

உண்மையில் அது விளையாடுவதற்கு. வேறு எதற்கும் இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது தோழி ஒருத்தியின் பழைய மடிக்கணினியில் அந்த விளையாட்டைப் பார்த்தாள். பனிமலையில் ஒருத்தி தனியாக நடந்துபோகிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த மடிக்கணினியில் மலை வருவதற்கே மூச்சு வாங்கியது. ஓர் அடி வைத்தால் படம் உறைந்து நிற்கும், பிறகு மூன்று அடி தள்ளிப் போய் முளைக்கும். அன்றிலிருந்து அந்த மலையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. சம்பளத்தில் இரண்டு வருஷம் மிச்சம் பிடித்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஒருவேளை. ஆனால் இருபத்து மூன்று வயதில், வேலைக்குப் போகிற ஒரு பெண், ‘நான் விளையாடப் போறேன்’ என்று சொல்கிற வாக்கியம் அந்த வீட்டில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அவளுக்கு எந்த வாக்கியமுமே சுலபமாக வராது.

மற்ற பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. கேபினெட்டுக்குத்தான் நான்கு மாதம் பிடித்தது. மற்றவை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்கு முன்னால் நின்று, கூடவே வாழப் போவது இதுதான். முன்புறமும் கண்ணாடி போட்டவை கொள்ளை அழகு. ஆனால் அவற்றுக்கு மூச்சுமுட்டும், காற்று நுழைய வழி கிடையாது. வலை போட்டவை நன்றாக மூச்சு விடும், தூசியையும் சேர்த்து இழுக்கும். அறுவடை நாளில் சுரக்குடியில் பறக்கிற தூசிக்கு என்ன செய்வது? கிராபிக்ஸ் கார்டின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேபினெட்டின் உள்ளளவோடும் ஒப்பிட்டாள். பாரதியார் சாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஸ்ஃபாக்கிடம் போய், ஃபோனில் படத்தைக் காட்டினாள்.

“சாதாரண கேபினெட்டே போதுமேம்மா. அதுக்குள்ளயும் இதே சாமான்தான் உக்காரும்,” என்றார் அஸ்ஃபாக். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து பழைய பெட்டி ஒன்றை இழுத்துக் காட்டினார். “காரைக்கால்மேட்டுலேர்ந்து வந்தது. பாருங்க, ஸ்க்ரூவெல்லாம் பூத்துப் போயிருக்கு. கடக்காத்து எதையும் விடாது. இவ்வளவு ஆசையா வாங்கிட்டு அப்புறம் அழக்கூடாது.”

“முன்னாடி மூணு ஃபேன் உள்ள இழுக்கும்ண்ணே. பின்னாடி ஒண்ணுதான் வெளிய தள்ளும். வடிகட்டி வழியா மட்டும்தான் காத்து வரும். இடுக்கு வழியா தூசி வராது.” அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அஸ்ஃபாக் பழைய பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினார். “மாஷா அல்லாஹ். எதுக்கும்மா, எடிட்டிங்கா, ஆட்டோகேடா?”

“ம்,” என்றாள்.

அவர் ஆட்டோகேட் என்று எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் பழைய கதை. பெட்டி வந்த சனிக்கிழமை இரவு தூறல் போட்டது. திருஞானசம்பந்தம் பெட்டியைத் தார்ப்பாயால் மூடி, அதன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். விடிந்ததும் ஆறு மணிக்கு, குளித்து, திருநீறு பூசி, பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். “யம்மாடி, என்ன கனம். இரும்புதான்,” என்றார் ஒரு திருப்தியோடு.

கேபினெட்டை வெளியே எடுத்து நெகிழித் தாளை உரித்தபோது மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்கள். அந்தக் கூடத்தில் இருந்தவை ஒரு பீரோ, ஒரு தையல் மிஷின், நெல் மூட்டைகள். அவற்றின் நடுவில் அது வேறு எங்கிருந்தோ இறங்கி வந்து நிற்பதுபோல நின்றது. மூலைகளில் ஒரு பிசிறு இல்லை. கண்ணாடியில் ராஜத்தின் முகம் தெரிந்தது. அவள் தன்னையறியாமல் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

முன்பே வாங்கி வைத்திருந்த பாகங்களை அதற்குள் மாட்டுவதற்கு மத்தியானம் வரை ஆயிற்று. திருஞானசம்பந்தம் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் வெளிச்சம் பிடித்தார். முதலில் சும்மாதான் பிடித்தார். அவள் ஒயர்களை இழுக்க ஆரம்பித்ததும் சற்றே முன்னால் நகர்ந்தார். மதர்போர்டை மாட்டும் தகட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் கனத்துக்கு ஓர் இடைவெளி. ஒயர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய், கட்டுண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு துளை வழியாக எட்டிப் பார்த்தன. முப்பது வருஷமாக ஒயரோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். சுவரில், கூரையில், கம்பத்தில் எங்கு பார்த்தாலும் ஒயர் தொங்குகிற ஊரில் வாழ்கிறவர்.

“ஒண்ணுகூட வெளிய தெரியல பாப்பா,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அதுக்காகவேதான்ப்பா இந்த இடத்த விட்டிருக்காங்க.”

“யோசிச்சுப் பண்ணியிருக்கான். ஒயர் போடுற ஆளப் பத்தி யோசிச்சுப் பண்ணியிருக்கான்.”

கண்ணாடியை மூடி, ஸ்விட்சைத் தட்டினாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு காற்றாடிகள் ஒவ்வொன்றாக, உறக்கத்திலிருந்து எழுவதுபோல அசைந்து சுழன்றன. உள்ளே நீல வெளிச்சம் ஊறி நிறைந்தது. சத்தம் இல்லை, தூரத்து வாய்க்கால் மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். அவள் ஒரு தாளை முன்புற வலையில் வைத்தாள், அது ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கையைப் பிடித்துப் பின்பக்கம் வைத்தாள். இளஞ்சூடான காற்று அவர் உள்ளங்கையில் வந்து மோதியது.

“மூச்சு விடுது,” என்றார். எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். “இவ்வளவு பெரிய மிஷின் சும்மா வேலைக்கு வாங்கினதா இருக்காது. ஆராய்ச்சியா பாப்பா?”

அவர் வேட்டியை இறக்கியதைப் பார்த்த பிறகு அவள் என்ன சொல்வாள்?

“ம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லையில் குழி தோண்டினார். வீட்டுக்கு ஏற்கெனவே எர்த் இருக்கிறது. இதற்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றார். ஆள் ஆழத்துக்குத் தோண்டி, செம்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று முறை மீட்டர் வைத்துப் பார்த்தார். மேலெல்லாம் மண். “இடி விழுந்தாலும் ஆராய்ச்சி நிக்காது,” என்றார். தாமரைச்செல்வி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் மீட்டரை எடுத்தார்.

அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு விளையாடினாள். அந்த நேரத்தில் கரண்டு நிலையாக இருக்கும், அப்பா வேலைக்குப் போவதற்கு முன்னால் தன் வயலைப் பார்க்கப் போயிருப்பார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் முறை அந்த மலையில் கால் வைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பனி விழுந்தது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, தனக்கென்று ஒரு வேகத்தில் சுழன்று வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் அவள் காலடித் தடம். அந்தத் தடங்களின்மேலும் பனி மெல்ல மெல்ல நிரம்பியது. பனிமேல் விழும் வெளிச்சம் எப்படிச் சிதறும் என்று அவள் பரீட்சையில் எழுதியிருக்கிறாள், கண்ணால் பார்த்ததில்லை. இதுவும் கண்ணால் பார்ப்பது ஆகாது, தெரியும். இருந்தாலும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தப் பனியில் சும்மா நின்றாள். மேஜையின் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கூடு ஒரு மலை முழுவதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, அமைதியாக, இளஞ்சூடாக மூச்சு விட்டது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் விளையாடாமலே அதைப் போட்டு வைப்பாள். நீல வெளிச்சம் கூடத்தில் பரவும். ராஜம் அதன் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். “டிவிய விட இது நல்லாருக்கு. பேசறதில்ல,” என்பாள்.

ஞாயிறுதோறும் முன்புற வலையைக் கழற்றி, உள்ளிருக்கும் வடிகட்டியை எடுத்துக் கழுவ வேண்டும். நான்காவது ஞாயிறு அப்படி எடுத்தபோது அது பழுப்பாக இருந்தது. தூசி என்று நினைத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். பல் துலக்கிக்கொண்டிருந்த திருஞானசம்பந்தம் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“இரு. கழுவாத.”

வெயிலில் வடிகட்டியைச் சாய்த்துப் பார்த்தார். தூசி இல்லை, பூச்சி. எள்ளளவு பூச்சி, நூற்றுக்கணக்கில். சாயங்கால வெளிச்சத்துக்கு வந்து, காற்றாடி இழுத்த இழுப்பில் வலை தாண்டி வந்து ஒட்டிக்கொண்டவை.

“புகையான். நெல்லுக்கு எமன்,” என்றார்.

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வயலுக்கு ஓடினார். குறுவைப் பயிர் மேலே பார்க்கப் பச்சைப்பசேல் என்று நின்றது. தூரைப் பிளந்து பார்த்தால் தண்ணீர் மட்டத்தில் கொத்துக் கொத்தாகப் பூச்சி இருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வட்டம் வட்டமாகக் கருகியிருக்கும். அன்றே தண்ணீரை வடித்தார், பயிரை ஒதுக்கிக் காற்று போக வழிவிட்டார், மருந்து அடித்தார். நெடுமாறனும் அடித்தார். தெருவில் இன்னும் நாலு பேர் அடித்தார்கள். எல்லாருக்கும் பயிர் தப்பியது.

“பாப்பாவோட மிஷின் சொல்லிச்சு,” என்று திருஞானசம்பந்தம் டீக்கடையில் சொன்னார். மின்துறை ஆபீசில் சொன்னார். “பூச்சி, மழை, காத்து, எல்லாம் கணக்கு போடறதுக்குத்தான் வாங்கியிருக்கு. வாயத் தொறந்து சொல்லாது. அது சுபாவம் அப்படி.”

இப்போது வருகிறவர்கள் மீன் தொட்டியா என்று கேட்கவில்லை. செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். காசியம்மாகூடக் குரலைத் தாழ்த்தி, “தொடலாமாடி?” என்று கேட்டாள். தாமரைச்செல்விக்கு அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. அவளும் முதல் நாள் அப்படித்தான் நின்றாள். அவர்கள் வியந்தது சரியான பொருளைப் பார்த்துத்தான். காரணம்தான் வேறு. அந்தக் காரணம் அவள் வாய்க்குள் இருந்தது.

ஆவணி முடிகிற நேரம். நெடுமாறனுக்கு நெடுங்காட்டில் குத்தகைக்கு நிலம். வாய்க்கால் தண்ணீர் அங்கே வந்து சேர நாளாகும் என்பதால், காய்ந்த மண்ணிலேயே சம்பாவுக்கு நேரடியாக விதைத்திருந்தார். விதைத்த மூன்றாம் நாள் கொட்டிய மழையில் நீர் தேங்கி அத்தனையும் அழுகிவிட்டது. மறுபடி உழுது போட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார்.

“வா மாப்ள, என்ன மூஞ்சி சுண்டிப்போயிருக்கு?” என்றார் திருஞானசம்பந்தம்.

“வித மூட்டைய வண்டியில ஏத்தி வெச்சிருக்கேன் மச்சான். இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் அழுகிப்போச்சுன்னா இந்த வருஷம் சம்பா கெடையாது.” நெடுமாறன் கேபினெட்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். “ஃபோன்ல ஒருத்தன் நாலு நாளைக்கு மழை இல்லங்கிறான். இன்னொருத்தன் கொட்டப் போவுதுங்கிறான். யாரு பேச்ச நம்பறது? அதான் செல்விகிட்ட வந்தேன். மிஷின் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லும்மா. இது சரின்னா நாளைக்கு விடிகாலையில விதைச்சுடறேன்.”

“பாத்துச் சொல்லு பாப்பா,” என்றார் அப்பா. அவர் வேட்டியை இறக்கிவிட்டிருந்தார். மிஷினுக்கு எதிரில் எப்போதும் அப்படித்தான் நிற்கிறார்.

ஒரு “ம்” போதும். அந்த “ம்”மை வைத்து இந்த மனிதர் தன்னிடம் மீதி இருக்கும் விதை எல்லாவற்றையும் மண்ணில் கொட்டிவிடுவார்.

“மழையெல்லாம் இதுக்குத் தெரியாது மாமா.”

“புகையானு மட்டும் தெரிஞ்சுதா?”

“அது வந்து ஒட்டிக்கிட்டது. கண்டுபிடிச்சது அப்பாதான்.”

“கூச்சம்,” என்று திருஞானசம்பந்தம் நெடுமாறனிடம் சிரித்தார். “பத்தாவதுல மார்க்கு வாங்கினப்பவும் இப்படித்தான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லிச்சு.”

“எனக்காகச் சொல்லக் கூடாதா செல்வி? தப்பாப் போனா மிஷினத் திட்ட மாட்டேன். உன்னையும் திட்ட மாட்டேன்.” நெடுமாறன் சிரிக்க முயன்றார். அவர் விரல் நகங்களில் உழுத மண் இருந்தது.

“இதுல வர்ற மழைப் படமும் உங்க ஃபோன்ல வர்ற படமும் ஒண்ணுதான் மாமா. நான் சொல்றத வெச்சு விதைக்காதீங்க. வேளாண்மைத் துறையில ஒரு வார்த்த கேட்டுட்டு விதைங்க.”

ராஜம் கீரை ஆய்வதை நிறுத்தினாள். காற்றாடிகள் மட்டும் சுழன்றன. திருஞானசம்பந்தத்தின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது. கொல்லைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மகளைப் பார்த்தார்.

“அப்ப இது எதுக்கு பாப்பா?”

தெரு முழுக்கக் கேட்ட கேள்விதான். பதிலைத் தானே எடுத்துக் கொடுக்காமல் அப்பா அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தாள்.

“வெளையாடறதுக்குப்பா,” என்றாள். “நான் வெளையாடறதுக்கு வாங்கினேன்.”